எதிர்வீட்டுக்கு வந்த மேயர்

அன்புள்ள அப்பா,

எம்.எல்.ஏ.வாக இருந்தவரை தலைநகரம் உங்களை வைத்துக்கொண்டது. மேயரானதும் எங்களோடு இருப்பீர்கள் என்று நம்பினேன்.

நேற்று எதிர்வீட்டுச் சாக்கடை அடைப்பைக் குனிந்து பார்த்தீர்கள். அந்த வீட்டுப் பெண்ணின் பரீட்சையைப் பற்றிக்கூட விசாரித்தீர்கள். ஜன்னலில் நான் நின்றிருந்தேன். உங்கள் கார் நம் வாசலில் திரும்பியது, நிற்கவில்லை.

"ஒரு போன்தான்டி போட்டேன், ஓடி வந்துட்டார். கொடுத்து வச்சவ நீ!" என்றார் எதிர்வீட்டு அத்தை.



வெள்ளிக்கிழமை என் பதிவுத் திருமணம். அம்மா ஒரு சாட்சி, மாப்பிள்ளை வீட்டார் ஒருவர். மூன்றாமவர் யாரென்று பதிவாளர் கேட்கிறார்.

இன்று காலை உங்கள் அலுவலகப் புகார் எண்ணுக்கு நானும் போன் செய்தேன்.

"என்ன குறைம்மா?"

"சாட்சிக்கு ஆள் இல்லைங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாநகரவாசி,
மகளும்கூட