மங்கு கழுவிய தண்ணீர்

சித்தியவான்
13-8-1978

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கோத்தா பாருவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தொண்டை வற்றாமல் பாடம் நடத்துகிறாய் என்று ஒரு வரி வந்தால் போதும். பதில் போட மூன்று வாரமாகிவிட்டது, கோபிக்காதே, ரப்பர் பால்காட்டிலிருந்து வந்து உட்கார்ந்தால் பேனாவைத் திறக்குமுன் கண் சொருகுகிறது.

உன் வகுப்புக்காகச் செய்து பார்க்கச் சொன்ன சோதனைகளைச் செய்தேன். ஒரு டின்னில் அரிசி, ஒரு டின்னில் மணல், மணல்தான் கனம், இதற்கு ஒரு படிப்பா என்று அம்மா சிரித்தாள். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது, நான் கொட்டிய உப்புக்கு அம்மிக்கல்லே மிதந்திருக்கும். மருந்துப் புட்டியில் மணல் போட்டு, தக்கையில் கீழிருந்து கோடு போட்ட ஈர்க்கு குத்திய மிதவைதான் வம்பாகிவிட்டது. அந்த வாரம்தான் பால் நிறுக்கும் ஸ்டோரில் கணக்கெழுதும் சதாசிவம் கிராணி என் பாலில் கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்து, ஐயாவு அண்ணே, தண்ணி கலந்திருக்குலா, இன்னொரு தடவ இப்படி வந்தா தொரகிட்ட சொல்லிருவேன் என்றார். எனக்கு விட்ட மர நிரை போனால் எஸ்டேட் வீடும் போகும். எனக்கு வந்த ரோஷத்தில், இருபத்தாறு வருசமா ஒரு சொட்டுக் கலந்ததில்ல, ஒங்க கண்ணாடிக்குத்தான் கண்ணு தெரியல என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

கிராணியைப் பொய்யாக்கலாமென்று புட்டியைக் காட்டுக்கு எடுத்துப் போனேன். பாதி மரத்துப் பாலை அம்மாதானே எடுக்கிறாள், இரண்டு வாளியிலும் விட்டுப் பார்த்தேன். என் வாளியில் ஈர்க்கு மூன்றாவது கோடு வரை முங்கியது, அவள் வாளியில் முதல் கோட்டிலேயே நின்றது. முங்கினதுதான் தண்ணிப் பால் என்று எண்ணி, தூக்கத்தில் நானே கலந்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்த பிறகுதான் ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு, நல்ல பாலில்தான் மிதவை அதிகம் முங்கும் என்று தெரிந்தது. இத்தனை வருசம் பாலில் குளித்தவனின் அறிவு இது.

மறுநாள் அம்மாவைக் கவனித்தேன். மரத்தில் பால் வடியக் கட்டிய மங்கில் ஒட்டியதை விரலால் வழிக்காமல், போத்தல் தண்ணீரை ஊற்றி அலசி, அதையும் வாளியில் சேர்த்தாள். கேட்டதற்கு, வெரலு மடங்க மாட்டேங்குது, ஒட்டினத விட்டா வீணாப் போகுதேன்னுதான் அலசி ஊத்தினேன் என்றாள். எத்தனை நாளாக என்றேன். தைப்பூசத்திலிருந்தாம். பக்கத்தில் படுப்பவளின் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு மருந்துப் புட்டி வேண்டியிருந்தது.

ஸ்டோருக்குப் போய், தண்ணீர் கலந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன், அவள் பெயரை எடுக்கவில்லை. இப்ப கண்ணாடிக்குக் கண்ணு தெரியுதா அண்ணே என்று கிராணி கேட்டார், கேட்கட்டும், துரைவரை போகவில்லை, நிரை தப்பியது. முழு நிரையையும் நானே எடுக்கிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. வியாழக்கிழமை அவளை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

உன் பதிலை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன், அதனால் கையைப் பற்றி ஒன்றும் எழுதாதே, உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், ஒரு வரியை மறைத்து வாசிக்கும் சாமர்த்தியமும் எனக்கில்லை. தீபாவளிக்கு வரும்போது மட்டும் முறுக்குக் குழலை அவள் எடுக்குமுன் நீ எடுத்துக்கொள், ஆசையாக இருக்கிறது என்று சொல்.

தீர்க்காயுசாக இரு மகளே. குடையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐயாவு