நடுச்சுவர் இடைவெளியை அடைக்கத் தடை வேண்டி

அனுப்புநர்:
மூத்த மருமகள், இளைய மருமகள்,
கதவு எண் 14-இன் இடப்பாதி மற்றும் வலப்பாதி.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
பாதாளச் சாக்கடைப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: இரு பாதிக்கும் தனித்தனிச் சாக்கடைக் குழாய் போடச் சொல்லும் அறிவிப்பை விலக்கிக்கொள்ளவும், எங்கள் நடுச்சுவர் இடைவெளியை அடைக்கக் கூடாதென ஆணையிடவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கணவர்கள் அண்ணன் தம்பி. அண்ணனுக்குப் பூட்டு சாவிக் கடை, தம்பிக்குக் கண்ணாடிக் கடை. பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். அறைகள், மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, துணி காயவைக்கும் கொடிக்கயிறு வரை அளந்து பிரித்தார்கள். மண்ணுக்கடியில் போகும் சாக்கடைக் குழாயைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைப்பே வரவில்லை. அதுமட்டுமின்றி, இரு பாதியின் கழிவுநீரும் வந்து சேரும் தொட்டியின் மூடிமேலேயே நடுச்சுவரை எழுப்பிவிட்டார்கள். கொத்தனார் எவ்வளவோ சொன்னார். கோபத்தில் யார் கேட்கிறார்கள்?

2. சென்ற மாதம் குழாய் அடைத்துக்கொண்டு, இரு கழிவறைகளிலும் தண்ணீர் எதிர்த்து வந்தது. அடுத்த பாதிதான் காரணம் என்று இருவரும் தங்களிடம் புகார் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து தெரு மேன்ஹோல் வரையுள்ள குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, அதற்கப்பால்தான் நகராட்சி என்று இருவருக்கும் ஒரே பதில் அனுப்பினீர்கள். அது நியாயமான பதில். அதில் எங்களுக்குக் குறை இல்லை.

3. தொட்டியைத் திறக்கச் சுவரை இடித்தே ஆகவேண்டியிருந்தது. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம், ஆளுக்கொரு கடப்பாரை. செங்கல் சரிந்ததும் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "ஏன்டா இப்படி இளைச்சுட்டே?" என்றார் அண்ணன். தம்பி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நீ நல்லா ஊதிட்டே" என்றார். குடலைப் பிடுங்கும் அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நாங்கள் இருவரும் சிரித்தோம், அழவும் செய்தோம். அடைப்பெடுக்கும் வண்டி வந்து வெளியே எடுத்தது கட்டி கட்டியாக எண்ணெய்ப் பிசுக்கு. எந்தச் சமையலறையினுடையது என்று யாரும் கேட்கவில்லை.

4. அன்று முதல் எங்கள் வீடு மறுபடி வீடாகிவிட்டது. பிள்ளைகள் எந்தப் பக்கம் குழம்பு நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் கொல்லையில் சதுரங்கம் ஆடுகிறார்கள். அண்ணன் கள்ளாட்டம் ஆடுகிறார் என்பது இளையவளின் கருத்து. மூத்தவள் அதை மறுக்கவில்லை. மாடியில் துணி எடுக்கும் சாக்கில் ரகசியமாகப் பேசிவந்த நாங்கள் இப்போது உரக்கவே பேசுகிறோம்.

5. இந்நிலையில், ஒவ்வொரு பாதிக்கும் தனி இணைப்பு வேண்டுமெனத் தங்கள் இரண்டாவது அறிவிப்பு வந்துள்ளது. தனிக் குழாய் வந்தால் நடுத்தொட்டி தேவைப்படாது. தொட்டி தேவையில்லை என்றால் சுவரைத் திறந்துவைக்கக் காரணமும் இல்லை. தம்பி சொன்னால் அடைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அண்ணனுக்கு அதுதான் விருப்பமென்றால் சரி என்கிறார் தம்பி. இருவருக்குமே அடைக்க மனமில்லை என்பது கட்டிய மனைவியருக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் போய்விடுமாம். சிமெண்ட் மூட்டை கொல்லைக்கு வந்துவிட்டது.

6. ஆகவே, இதைக் கூட்டு இணைப்பாகப் பதிவு செய்து, பழுதும் பராமரிப்பும் இரு குடும்பத்தாருக்கும் பொது என்று எழுதித்தர வேண்டுகிறோம். தொட்டியைப் பரிசோதிக்க வழி வேண்டும் என்பதால், இடைவெளியை அடைப்பது விதிமீறல் என்றும் ஆணையிட வேண்டுகிறோம். ஆணை கண்டிப்பாக இருக்கட்டும். அபராதம் என்ற சொல் ஓரிடத்திலாவது வந்தால் மிகவும் நல்லது.

ஆணை கைக்கு வந்ததும் எங்கள் கணவர்கள் தங்களைத் திட்டுவார்கள். ஒன்றாக உட்கார்ந்து திட்டுவார்கள். அதற்காக இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் கண்டிப்பை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) மூத்த மருமகள்
(ஒப்பம்) இளைய மருமகள்

நாள்: 12-ஆம் தேதி, புதன்கிழமை
இடம்: மூத்தவளின் சமையலறை