ஞாயிறு தவணைக்கு ஒரு சாட்சி

கல்முனைக்குடி
05.11.2024

அன்புத் தம்பி ஷிப்லிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடம்பும் படிப்பும் நல்லபடி இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு ராத்தா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் கடிதம். கடைசிவரை வாசி.

உம்மாவுக்குச் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாப்பா விதைப்பு முடித்துவிட்டார். மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காதி நீதிமன்றத்தில் என் வழக்கு எடுக்கப்பட்டது. முர்ஷித்திடமிருந்து நான் பிரிவு கேட்பதற்கு இருந்த ஒரே சாட்சி பக்கத்து வீட்டு லைலா மாமி. முர்ஷித் அடித்ததைக் கண்டீர்களா என்று காதியார் கேட்டார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் ஒண்டும் காணல்ல. சத்தம் கேட்டிச்சி, அது டீவியோ என்னமோ தெரியா" என்றார். முர்ஷித்துக்கு மூத்த நானா சிரித்தார்.

வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்து அழுதார். "உன்ட தம்பி படிச்ச புள்ள. மகள், என்ட பேர ஏன் கொழும்பில சொன்னான்?" என்று கேட்டார்.

போன மாதம் நீ போனில் சொன்னதை யோசித்துப் பார். ஒரு விஷயத்தை நிரூபிக்க எத்தனை சாட்சி வேண்டும் என்று கொழும்பில் சட்ட வகுப்பில் சேர் கேட்டாராம். மற்றவர்கள் கையை உயர்த்துமுன் நீ எழும்பிவிட்டாயாம். ராத்தாவின் வழக்கையே உதாரணமாக எடுத்து, லைலா என்ற ஒரு சாட்சியே போதும் என்று வாதாடினாயாம். சேர் மெச்சினாராம். பின் வரிசைப் பொடியன்மார் உன்னை 'மை லோர்ட்' என்று கூப்பிடுவதாகவும் சொல்லிச் சிரித்தாய். நானும் சந்தோஷப்பட்டேன். தம்பிக்கு என்ன மூளை என்று உம்மாவிடம் சொன்னேன்.

அந்தப் பின் வரிசையில் ஸஜாத் இருந்திருக்கிறான். முர்ஷித்தின் சாச்சாவுடைய மகன். "உங்கட வழக்க எங்கட மை லோர்ட் கிளாஸ்லயே பேசி முடிச்சிட்டார்" என்று அன்றைக்கே ஊருக்குச் சொல்லிவிட்டான். மாமியின் மகன் கடலுக்குப் போவது முர்ஷித்தின் நானாவுடைய போட்டில். மறுநாள் அவனை ஏற்றவில்லை. மூன்று நாள் கரையில் நின்றான். நாலாம் நாள் ஏற்றினார்கள். மாமியில் எனக்குக் கோபமில்லை.

கண்ட ஆள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று காதியார் என்னைக் கேட்டார். அங்கே சட்டத்தரணிகள் பேச முடியாது. நான்தான் பேச வேண்டும். இன்னொரு தவணை தரும்படி மட்டும் கேட்டேன்.

நீ இருந்தாய், தம்பி. ஹஜ்ஜுப் பெருநாள் லீவு. முர்ஷித் என் தலையைச் சுவரில் மோதியபோது மகள் அம்ஹாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது நீ. "என்ட பேர் வர வேணாம் ராத்தா. நான் சட்டத்தரணியாகக்குள்ள இது பிரச்சினையாகும். தம்பிட சாட்சி எடுபடவும் மாட்டா" என்றாய். நம்பினேன். வேறு யாருடையதோ சந்தேகம் போல, ஞாயிறு நீதிமன்றத்திலிருந்து புறப்படுமுன், தம்பி சாட்சி சொல்லலாமா என்று காதியாரிடம் கேட்டேன். "கண்டவன் தம்பியா இருந்தா என்ன புள்ள, வந்து சொல்லட்டும்" என்றார்.

வழக்கு மறுபடி எடுக்கும் தவணை 17ஆம் திகதி, ஞாயிறு காலை ஒன்பது மணி. அன்றும் சாட்சி இல்லாவிட்டால் என்னையும் அம்ஹாவையும் முர்ஷித் வீட்டுக்கு அனுப்புவதாக வாப்பா பள்ளிவாசல் பெரியவர்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். பிள்ளைக்கு ஏழு வயது. தன் உடுப்புகளை உம்மாவின் அலுமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை பஸ் ஏறினால் போதும். சட்டம் எதுவும் பேச வேண்டாம். கண்டதை மட்டும் சொல். வராவிட்டால் காரணம் எழுதாதே. உன் காரணங்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். உன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அல்லாஹ் உன்னைப் பெரிய சட்டத்தரணியாக ஆக்கட்டும். நீ கறுப்புக் கோட்டுப் போடும் நாளில் வந்து பார்க்கக்கூடியவர்களாக என்னையும் அம்ஹாவையும் வைத்திருக்கட்டும்.

உனக்காகத் துஆச் செய்யும்
ராத்தா முனவ்வறா