பானெட்டில் ஏறியவள்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று பதினொரு மூட்டை உருளைக்கிழங்கு. சந்தைக்கு ஏறும்போது முள் வளைவில் வண்டி வழக்கம்போல மூக்கைத் தூக்கியது. அப்பா ஹாரனை இரண்டு முறை அடித்தார். நானும் இன்னும் மூன்று பேரும் பானெட்டில் ஏறி உட்கார்ந்தோம். பின்னால் பாரம் அதிகமானால் முன் சக்கரம் தரையைப் பிடிக்காது. எங்கள் எடையில்தான் இறங்கும். எங்கள் ஊர் கப்சிரேலில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு ஹாரன் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஏறுவோம்.

வெறும் வண்டியாகத் திரும்பும்போது நான் ஓட்டினேன்.

“ஆகஸ்ட்ல உனக்குப் பதினெட்டு. லைசென்ஸ் எடுத்துடு. அப்புறம் இந்த லேண்ட்ரோவர் உன்னோடது” என்றார் அப்பா.

கியரை மாற்றினேன். அதைவிட நன்றாக எனக்குப் பேச வராது.

ஜனவரி 15

கிப்கேயு அண்ணனுக்கு நான்காம் படிவத் தேர்வு, அதாவது பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. சுமார்தான். அவனாவது எழுதினான்.

ஜனவரி 19, ஞாயிறு

தேவாலயத்தில் பழைய டீச்சரைப் பார்த்தேன். “ஏன் திரும்பி வரலை?” என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வயலில் சறுக்கி இடுப்பு எலும்பு உடைந்தபோது “யாராவது வீட்டுல இருக்கணும்” என்றார்கள். யாராவது என்றால் நான். இப்போது அம்மா கம்பு ஊன்றிக்கொண்டு ஆடுகளின் பின்னால் போகிறாள். ‘இனி பள்ளிக்கூடம் போ’ என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்கு யாரைத் திட்டுவது?

வண்டி இருக்கிறது. அது போதும்.

பிப்ரவரி 3, திங்கள்

மாரத்தான் ஓடிச் சம்பாதித்த சிர்மா ஊருக்கு வந்திருக்கிறார். புது லேண்ட்ரோவரில். எங்களுடையதும் அதே பெயர்தான்; எங்களுடையது அப்பாவைவிட இரண்டு வயது மூத்தது. இரண்டையும் செரோப் அக்காவின் டீக்கடை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஊரே கூடிவிட்டது.

“சாவி எங்கே போடறது?”

“போடவே வேணாம். பாக்கெட்ல இருந்தாலே போதும்.”

“எங்க யானோ அண்ணன் வண்டிக்குச் சாவியே கிடையாது. அப்ப இதானே புதுசு?”

சிரிப்பு. சிர்மாவும் சிரித்தார்; யானோவும், அதாவது என் அப்பாவும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையை உள்ளே திரையில் காட்டுமாம். “நாங்க ஓட்டை வழியா பாத்துக்கறோம்” என்றார் அப்பா. உண்மைதான். ஓட்டுநர் கால்பக்கத்தில் தரைத் தகடு துருப்பிடித்து உள்ளங்கை அளவுக்குப் போய்விட்டது.

சிர்மா எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சின்ன வயதில் இதன் பானெட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாராம். இட்டென் நகரில் ஓட்டக்காரர்களுக்காக விடுதி கட்டியிருக்கிறார். அதன் வாசலில் நிறுத்தி வைக்க வண்டியைக் கேட்டார்.

“நிக்கிறதுக்கா?” என்றார் அப்பா. “ஓடற மாட்டை யாராவது கல்லாக்குவாங்களா? அது என் பொண்ணுக்கு.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செரோப் அக்காவின் அடுப்புக்குப் பின்னால் போய்விட்டேன். முகம் எரிந்தது. ஆனால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எல்லோருக்கும்!

பிப்ரவரி 16, ஞாயிறு

சிர்மாவுக்கு அந்தப் புது வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும். வெளிநாட்டு ஓட்டக்காரர்களை மலைக்கு அழைத்துப் போய்வர. ஆகஸ்ட் வரை தானே ஓட்டிக்கொள்வாராம்; ஆகஸ்டில்தானே எனக்குப் பதினெட்டு. இந்தப் பக்கத்துச் சரிவு தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். வீட்டில் உட்கார்ந்து புளித்த பால் குடித்தபடிதான் சொன்னார். எனக்கு இதயம் காதுக்கு வந்துவிட்டது.

“கிப்கேயுவை எடுத்துக்கோ” என்றார் அப்பா.

“அவனுக்கு ஓட்டத் தெரியுமா?”

“இவ சொல்லிக் குடுப்பா.”

“அப்ப இவளே ஓட்டலாமே?”

கேட்டது சிர்மா. நான் கேட்கவில்லை. அப்பா சிரித்தார். “இவளா? இவ வாயத் திறந்து பாத்திருக்கியா? விருந்தாளி வணக்கம் சொன்னா மாட்டுக் கொட்டாய்க்குள்ள போய் ஒளிஞ்சுப்பா.”

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 2

கிப்கேயு கிளட்சை உதைக்கிறான். மிதிப்பதில்லை, உதைக்கிறான். “மெதுவா” என்றால், “நீ பேசாம இரு, வண்டி பேசட்டும்” என்கிறான். வண்டி பேசத்தான் செய்கிறது. அவனுக்குக் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

நான்கு சக்கரமும் இழுக்க மஞ்சள் குமிழை எப்போது அழுத்துவது, வேகம் குறைத்து வலுவைக் கூட்டச் சிவப்புக் கம்பியை எப்போது பின்னால் இழுப்பது, இறக்கத்தில் ஏன் பிரேக்கைத் தொடக் கூடாது, மூக்குத் தூக்கினால் இரண்டு ஹாரன். எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஓரளவு ஓட்டுகிறான். நேற்று டீக்கடையில், தானே கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வெளியே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவனுக்குத் தெரியும்.

மார்ச் 29

சிர்மா ஆற்றில் புது வண்டியைக் கழுவினார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். உள்ளே உட்காரச் சொன்னார். சும்மா ஐம்பது அடி ஓட்டிப் பார்க்கவும் விட்டார். நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். கதவு சத்தமில்லாமல் மூடுகிறது. ஈர ஆட்டு நாற்றம் இல்லை. கல்லில் ஏறியது ஸ்டியரிங்குக்குத் தெரியவே இல்லை. ஆனால் என் காலுக்கு எதுவும் கேட்கவில்லை. பழையதில் கிளட்ச் வழியாக மண் ஈரமா காய்ந்ததா என்று கால் சொல்லிவிடும். இதில் எல்லாவற்றையும் வண்டியே தெரிந்து வைத்துக்கொள்கிறது. ஓட்டுகிறவருக்குச் சொல்வதில்லை.

இறங்கும்போது பானெட்டைத் தொட்டேன். “அதுல மட்டும் யாரையும் ஏற விடாதே” என்றார். “தகடு மெல்லிசு. அதுக்குத் தேவையும் இல்ல, தானா ஏறிடும். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு.”

தலையாட்டினேன்.

ஏப்ரல் 5, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மழைக்குப் பிறகு முள் வளைவில் கிப்கேயுவுக்குச் சோதனை. முன்னால் அப்பா பழைய வண்டியில் ஏறிப் போனார், புகை விட்டுக்கொண்டு. பின்னால் கிப்கேயு புதியதில், பக்கத்தில் சிர்மா. இரண்டு பக்கமும் ஆட்கள். “பழசு ஜெயிச்சா சிர்மா எல்லாருக்கும் டீ!” என்று யாரோ கத்தினார்கள். வளைவில் புதியதின் சக்கரம் ஒரே ஒரு கணம் தரையைப் பிடிக்காமல் சுற்றியது. அவ்வளவுதான். விட்டிருந்தால் அதுவே ஏறியிருக்கும். கிப்கேயு பயந்துவிட்டான்.

இரண்டு ஹாரன்.

முதலில் ஏறியது நான். சேற்றுப் பூட்ஸோடு. எனக்குப் பின்னால் ஐந்து பேரோ ஆறு பேரோ. காலடியில் தகடு குழிந்ததை உணர்ந்தேன். வண்டி உள்ளே கத்த ஆரம்பித்தது. பீப் பீப் பீப். சிர்மா கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“ஹாரன் அடிக்க யாருடா சொன்னா?” என்று அப்பா ஓடி வந்தார்.

“இவதான்! இவதான் சொல்லிக் குடுத்தா!”

ஏப்ரல் 6, ஞாயிறு

கொக்வெட் கூடியது. ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பேசும் கூட்டம். பெண்கள் தள்ளித்தான் நிற்க வேண்டும். சிர்மா, “விடுங்க, தகடுதானே, மாத்திக்கலாம்” என்றார். அங்கேயே முடிந்திருக்கும். அப்பா எழுந்தார்.

“மொதல்ல ஏறுன கால் என் வீட்டுக் கால். ஊரே சும்மா விட்டாலும் நான் விடமாட்டேன். நீ கேட்ட வண்டிய எடுத்துக்கோ.”

“வேணாம் யானோ அண்ணே.”

“எடுத்துக்கோன்னேன்.”

மூன்றாவது முறை சிர்மா மறுக்கவில்லை. பெரியவர்கள் தலையாட்டினார்கள், கௌரவமான தீர்ப்பாம். யாருடைய வண்டியைக் கொடுத்தார்? பிப்ரவரியில் ஊரே கேட்க ‘அது என் பொண்ணுக்கு’ என்றாரே — அந்த ஊர்தானே இங்கே உட்கார்ந்திருந்தது? ஒருத்தருக்குக்கூடவா ஞாபகம் வரவில்லை? நான் வாயைத் திறந்திருக்கலாம். ‘அது என்னுடையது.’ மூன்று சொல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “ஏண்டி ஏறுன?” என்றாள். பழக்கம் என்றேன்.

ஏப்ரல் 9

பழக்கமா?

சிர்மா சொல்லச் சொன்னதை நான் கிப்கேயுவிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நினைவிருந்தது. அவன் ஹாரன் அடிப்பான், ஆட்கள் ஏறுவார்கள், அவன் முகம் கறுக்கும், சிர்மா வேறு ஆளைத் தேடுவார் — இவ்வளவுதான் நினைத்தேன். நானே ஏறுவேன் என்று நினைக்கவில்லை. ஹாரன் கேட்டதும் கால் போய்விட்டது. இதில் எது நான் செய்தது, எது கால் செய்தது? எழுதினால் தெரியும் என்றுதான் எழுதினேன். தெரியவில்லை.

என் வண்டியை நானேதான் கொடுத்திருக்கிறேன். அது மட்டும் தெரியும்.

ஏப்ரல் 12, சனி

இட்டெனுக்கு ஓட்டிப் போனது நான்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கப்சோவார் தாண்டித் தார்ச்சாலை வந்ததும் வண்டி சத்தம் மாறியது. எனக்குப் பிடிக்கவில்லை.

விடுதி வாசலில் சிமெண்ட் மேடை தயாராக இருந்தது. ஏப்ரல் 5க்குப் பிறகு கட்டியதா, முன்பே கட்டியதா? பாசி இருந்தது. மேடை மேல் ஏற்றி நிறுத்தினேன். கொத்தனார் சக்கரங்களைச் சுற்றிச் செங்கல் வைக்க ஆரம்பித்தார்.

கிப்கேயுவுக்கு வேலை போகவில்லை. “பையன் சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சான்” என்று சிர்மா சொன்னாராம். சட்டை கொடுத்திருக்கிறார்கள், பெயர் தைத்து.

ஏப்ரல் 13

ஒன்றுமில்லை.

மே 4, ஞாயிறு

அப்பா கழுதை வாங்கியிருக்கிறார். கழுதை எனக்கு என்று சொல்லவில்லை. நல்லது.

ஜூன் 20, வெள்ளி

முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையோடு பாதி மேட்டில் நின்றிருந்தேன். மழை தூறியது. கிப்கேயுவிடமிருந்து போன்.

“ஜெசாங், சறுக்குது. இந்தப் பக்கம் பள்ளம். உள்ள நாலு வெள்ளைக்காரங்க. என்ன பண்ண?”

போனில் அவன் குரலுக்குப் பின்னால் வண்டி பீப் பீப் என்று கத்தியது. மூட்டையை இறக்கி வைத்தேன்.

“கால் பிரேக்லயா இருக்கு?”

“ஆமா.”

“எடு.”

“போயிடுவோம்டீ!”

“போக மாட்டே. காலை எடு. ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கமே லேசா விடு. எதிர்ப்பக்கம் இழுக்காதே. சக்கரம் பிடிச்சதும் மெதுவா மேட்டுப் பக்கம் திருப்பு. ஹாரன் அடிக்காதே. யாரையும் இறங்கவும் சொல்லாதே, பாரம் வேணும். இப்ப, மெதுவா.”

இவ்வளவு நான் பேசினேன். மேட்டில் ஏறி வந்த செரோப் அக்கா நின்று என்னையே பார்த்தாள்.

பீப் நின்றது. எஞ்சின் சத்தம் சீரானது. பிறகு உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது, ஏதோ மொழியில் கத்திக்கொண்டு. அவனுக்கு. அவன் சிரித்தான். “சரி, வச்சிடறேன்” என்றான்.

செரோப் அக்கா மூட்டையைத் தூக்கிவிட்டாள். மூட்டையைத் தாங்கும் பட்டையை நெற்றியில் சரிசெய்துகொண்டேன். சந்தை வரை ஒரு மணி நேரம் ஆனது.