வெட்டி வைத்த துண்டு

ஒக்டோபர் 6, திங்கள்

மூட்டம். மழை இல்லை. காயப்போட்ட வெங்காயத்தை அம்மா இரண்டு தரம் உள்ளே எடுத்து, இரண்டு தரம் வெளியே போட்டா. வானத்தோடு ஏதோ கோபம்.

புத்தூரிலிருந்து மருதனார்மடம் வரை ஸ்கூட்டியில் ஆங்கிலச் சொல் பாடமாக்கிக்கொண்டே போனேன். ஹொரர், கொமடி, திரில்லர், ரொமான்ஸ். ஆஞ்சநேயர் கோயிலடியில் நிறுத்தி ஒரு கும்பிடு. சரிவந்தால் வடைமாலை. போன தரமும் இதையேதான் சொன்னேன். அவருக்கும் அலுத்திருக்கும்.

ஸ்ரூடியோவில் வெட்டுவதற்குப் புது வீடியோ, அளவெட்டியில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீடு. நாள் முழுக்க அடுத்தவர்களின் கலியாணம், செத்தவீடு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். என் ஆங்கிலச் சோதனையை மட்டும் வெட்டி ஒட்ட வழியில்லை. அடுத்த செவ்வாய், கொழும்பில். வாயால் கதைத்துக் காட்ட வேண்டும். தேறினால்தான் லண்டன் விசாவுக்குப் போடலாம். தையில் கலியாணம், மாசியில் குகன் லண்டனுக்குப் போய்விட்டார். போன தரம் பாதியில் வாயடைத்துக் கோட்டை விட்டேன். இந்தத் தரமும் விட்டால் இன்னொரு தை இங்கேதான்.

தலைப்பு: படங்கள். என்ன வகை பிடிக்கும், ஏன், முடிவு எப்படி.

ஒக்டோபர் 8, புதன்

மத்தியானம் மழை. கரண்ட் போய் வந்தது.

குகன் எடுத்தார். வீடியோ அழைப்பில். அங்கே பெற்றோல் செட்டில் பின்னேர வேலை, காலையில் சும்மா. வழக்கமாக எங்களிடம் மூன்று கேள்விதான்: சாப்பிட்டீரோ, மழையோ, அம்மா சுகமோ. பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். இன்று சோதனை கைகொடுத்தது. எந்த வகைப் படம் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரொமான்ஸ் என்றேன். வெட்கம் வந்து கொமடி என்று மாற்றினேன். அவருக்கு ஹொரராம். எங்கள் மாட்டுக்குப் பயந்து கிணற்றடிக்கே போகாத மனிதர்.

"பத்திரமா இருந்துகொண்டு பயப்பிடுறது ஒரு சுகம்," என்றார்.

போனை வைத்த பிறகு எல்லாம் வகை பிரிந்து தெரிந்தது. வாழையிலையில் மழை: ஸ்லோ. அம்மா மீன்காரரோடு விலை பேசுவது: திரில்லர். நான் யன்னலடியில் சும்மா நிற்பது? அதற்கு ஆங்கில வகுப்பு மிஸ் தந்த தாளில் சொல் இல்லை.

அரிசி முடிந்தது. ஸ்கூட்டிக்கு எண்ணெய்.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில். வெங்காயம் தப்பியது.

வகுப்பில் ஒத்திகை. மிஸ் என்னைவிட இளையவ, பகிடிக்காரி. வகுப்பு முழுக்க ஒரே பந்தியைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். கப்பல், காதல், கடைசியில் சாவு. மனதைத் தொடுகிறது என்பதற்கு மூவிங் என்ற சொல் இரண்டு தரம் வரும். அந்தப் படத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. போன தரம் நான் விழுந்த குழியும் இதுதான். பந்தியை ஒப்புவித்தேன், சோதனை எடுத்தவர் பந்தியில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டார், அவ்வளவுதான்.

"அக்கா, நீங்கள் உண்மையா பாத்த படம் ஒண்டும் இல்லையோ?" என்று மிஸ் கேட்டா. இல்லை என்றேன். நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் இருக்கிறவளுக்கு வீட்டில் போய்ப் படம் பார்க்க ஆசை வருமா?

ஆனால் ஒன்று இருக்கிறது. இங்கே எழுதலாம், ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

என் கலியாண வீடியோவை நானே வெட்டினேன். வேறு யார் வெட்டுவது? எங்கள் வீடியோக்களில் மாப்பிள்ளை பொம்பிளை முக்கியமில்லை. யார் யார் வந்தார்கள், சாப்பாட்டுப் பந்தியில் எங்கே இருந்தார்கள், அதுதான் கனடாவில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். பிழை பிடிப்பதும் அங்கேதான். ஓரத்தில் நின்ற இரண்டாவது கமராவின் பதிவை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். மணவறை. ஐயர் குனிந்து ஏதோ தேடுகிறார். ஓமப் புகை. கூறைச் சேலைக்குள் நான் வெந்துகொண்டிருக்கிறேன். கீழே இருந்த சின்ன ஃபான் குகன் பக்கம் பார்த்தபடி. தலைப்பாகைக்குள்ளிருந்து வியர்வை வழிய, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல அவர் மெல்லக் காலை நீட்டுகிறார். பெருவிரலால் ஃபானை என் பக்கம் திருப்பிவிட்டுக் காலை மடக்குகிறார்.

அன்றைக்கு எனக்குக் காற்று வந்தது நினைவிருக்கிறது. எங்கிருந்து என்று யோசிக்கவில்லை. வீடியோ வெட்டும் மேசையில், கலியாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான், எனக்கு அவரைப் பிடித்தது.

பிடித்த கையோடு அந்த இடத்தை வெட்டினேன். ஓமத்துக்கும் ஐயருக்கும் முன்னால் மாப்பிள்ளை கால் நீட்டினால் சனம் சும்மா விடுமா? அவருடைய அக்காவே ஆயிரம் கதை சொல்லுவா. வீடியோவில் இப்போது அந்த இடத்தில் வவுனியாச் சொந்தக்காரர் பாயாசம் குடிக்கிறார்கள். துண்டு மட்டும் என்னிடம். போனில் போட்டு வைத்து அடிக்கடி பார்க்கிறேன். அவரிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

ஒக்டோபர் 14, செவ்வாய். கொழும்பு

பெரியம்மா வீடு. புழுக்கம். காலையில் பிளேன் ரீ மட்டும்.

முடிந்தது. எழுதிவிட்டுத்தான் சாப்பாடு.

சின்ன அறை, குளிர். ஒரு வெள்ளைக்கார அம்மா, நரைத்த கட்டைத் தலைமுடி. பந்தியைத் தொடங்கினேன். கப்பல், காதல். அவ பேனையை வைத்துவிட்டு, படம் பார்த்து அழுதாயா என்று கேட்டா. பந்தியில் இல்லை. பழைய குழி. பிறகு வாய் தானாகத் திறந்து, அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை என்றது. பிடரியில் அடித்தது போல எனக்கே அதிர்ச்சி. அவ சிரித்தா. சரி, பார்த்த படம் ஒன்றைச் சொல்லு என்றா.

ஃபானைச் சொன்னேன். புகை, வியர்வை, கால் பெருவிரல். காலுக்கு என்ன குற்றம் என்று அவவுக்கு விளங்கவில்லை, அதையும் சொன்னேன். இலக்கணம் கண்டபாட்டுக்கு. என்ன வகை என்று கேட்டா. இந்தத் தரம் மாற்றவில்லை. ரொமான்ஸ். ஸ்லோ, மூவிங். ட்ரூ ஸ்டோரி. கதாநாயகன் இப்போது எங்கே என்றா. லண்டனில், பெற்றோல் செட்டில் என்றேன். ஏதோ எழுதினா.

வெளியே வந்ததும்தான் உறைத்தது. படம் கேட்க என் கலியாண வீட்டைச் சொன்னேன். திரும்பவும் கோட்டை விட்டேனோ? பெரியம்மாவிடம் நல்லாச் செய்தேன் என்று மட்டும்.

ஒக்டோபர் 16, வியாழன்

புத்தூர். விடிய மழை, பிறகு நல்ல வெளிச்சம்.

பாஸ். போனில் மூன்று தரம் பார்த்தேன். அம்மா வெங்காயக் கையோடு கட்டிப்பிடித்தா, இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. வடைமாலைக்குச் சொல்ல வேண்டும்.

குகன் எடுத்தார். முதல் தரமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என்ன படம் சொன்னீர் என்று கேட்டார். வாயால் சொல்ல வரவில்லை. துண்டை அனுப்பிவிட்டு, பாருங்கோ என்றேன்.

அவர் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முகத்தில் வெளிச்சம் மாறியது. திரும்பவும் பார்த்தார். ஏன் வெட்டினீர் என்று கேட்பார், காலைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். மூன்றாம் தரமும் ஓடவிட்டார்.

"கலியாண நாளிலை இருந்து கேக்க வேணும் எண்டு நினைச்சனான்," என்றார். "காத்து உம்மட்டை வந்ததோ?"

"ஓம், வந்தது."