மேல்குட்டையில் விட்ட மீன்கள்

ஜூன் 14

ஓடை ஏரியில் சேரும் இடத்தில் அம்மா வைத்திருந்த மீன்பிடிக் கூண்டில் இன்று ஒரு மின்னோ மீன். ஆறு சென்டிமீட்டர். அளவுகோலில் வைத்துப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். "நீ எப்படி இங்க வந்த?" என்று மீனைத்தான் கேட்டாள். நான் நோட்டில் அளவைக் குறித்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூன் 15

அம்மா தூங்கியபின் எழுதுகிறேன். இந்த வடகோடியில் ஜூனில் விளக்குகூட வேண்டாம், இரவெல்லாம் வெளிச்சம். ஒளிந்துகொள்ள இருட்டே இல்லை.

எங்கள் ஏரியில் ட்ரவுட் மீன் மட்டும்தான். பதினோரு வருடமாக அம்மாவின் ஆராய்ச்சி அதைப் பற்றியதுதான். மின்னோ சின்ன மீன், ஆனால் ட்ரவுட்டின் இரையைத் தின்று பெருகிவிடும். ஏரிக்குள் பெருகினால் திரும்ப எடுக்கவே முடியாது.

போன ஆகஸ்டில் நடந்தது. கீழ் ஆற்றிலிருந்து பிடித்த மின்னோக்களைக் கொட்டகைத் தொட்டியில் வைத்து, எவ்வளவு தின்கின்றன என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தது. ட்ரோன்ட்ஹைம் நகரத்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "கிராம்பு எண்ணெய ஊத்திடு யோருன். அதுங்க வலிக்காம செத்துடும். இருபத்து மூணு. எண்ணிடு."

எண்ணினேன். புட்டியைத் திறந்தேன். வாசனை வந்ததும் மூடிவிட்டேன். பால்வாளியில் மீன்களை ஊற்றிக்கொண்டு ஏரிக்கு மேலே இருக்கும் குட்டைக்கு நடந்தேன். அங்கிருந்து ஏரிக்கு இறங்கும் இந்த ஓடை அப்போது வற்றிக் கிடந்தது. அதனால் எங்கேயும் போகாது என்று நினைத்தேன். வசந்தத்தில் பனி உருகும் என்று எனக்குத் தெரியாதா? மீன் ஆராய்ச்சி செய்பவளின் மகளுக்கு?

அம்மா திரும்பி வந்ததும், முடித்துவிட்டேன் என்றேன். அம்மாவின் பதிவேட்டில்: இருபத்து மூன்றும் கொல்லப்பட்டன. கீழே அவள் கையெழுத்து.

ஜூன் 17

தோர்கிரிம் எதிர்க்கரையில் ஆடு வளர்ப்பவர். ஏரியில் மீன்பிடிக்க உரிமை உள்ளவர். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் படகுக்கே போய்க் கேட்டாள்.

"நேராவே கேக்கறேன். தூண்டில்ல மாட்ட உயிர்மீன் கொண்டுவந்தீங்களா?"

"ஏம்மா மாரித், ஆட்டப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல. இதுல மீனையும் தாலாட்டித் தூக்கிட்டு வரணுமா?"

"போன வருஷம் உங்க படகுல வாளி இருந்துச்சே."

"படகுல ஓட்டை. தண்ணிய எதால அள்ளி ஊத்த, தொப்பியாலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமினேன். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 20

அம்மாவின் அலுவலக ஆட்கள் ஏரி முழுக்க வலை போட்டார்கள். மின்னோ ஒன்றுகூட இல்லை. மேல்குட்டைப் பக்கம் யாரும் போகவில்லை.

ஜூன் 22

மின்னோ எப்படி வந்தது என்ற விசாரணை முடியும்வரை தோர்கிரிம் மீன்பிடிக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகத்திலிருந்து கடிதம். கடையில் ஒருவர், "வாளி வாங்க வந்தியா, தோர்கிரிம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தோர்கிரிம் எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு சாப்பாட்டில் அம்மா: "இது அதுங்க முட்டையிடற மாசம். ஏரிக்குள்ள முட்டையிட்டா எல்லாம் முடிஞ்சுது."

சொன்னால் அம்மாவின் கையெழுத்து பொய்யாகிவிடும். வேலை போய்விடுமா? சொல்லாவிட்டால் — தோர்கிரிம். ஏரி. இன்றைக்கு எத்தனை இறங்கியிருக்கும்? நாளைக்கு எத்தனை?

ஜூன் 23

ஏரிக்கரையில் நடுக்கோடைத் திருவிழாத் தீ மூட்டினார்கள். வருடாவருடம் தீ வைக்கும் தோர்கிரிம் வரவில்லை. வேறு யாரோ தீ வைத்தார்கள், சரியாகப் பற்றவில்லை.

ஜூன் 24

காலையில் சொல்லிவிட்டேன். அம்மா ரொட்டிக்குப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டிருந்தாள்.

"மேல்குட்டையப் பாரும்மா."

"அங்க என்ன?"

"நான்தாம்மா கொண்டுபோய் விட்டேன். என்னால கொல்ல முடியல."

கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தனை?"

"இருபத்து மூணும்."

"அப்ப ஓடையில தண்ணி இருந்துச்சா?"

"வத்திக் கிடந்துச்சு."

"உசிரோட இருந்துச்சா எல்லாம்?"

"ஆமா."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு, "எண்ணிப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான்" என்றாள்.

எழுந்து போனை எடுத்தாள். அலுவலகத்தைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். முதலில் தோர்கிரிமைக் கூப்பிட்டாள்.

ஜூன் 25

குட்டையிலிருந்து ஓடை இறங்கும் இடத்தில் பொடிக்கண் வலை கட்டியாயிற்று. குட்டையில் மின்னோக் குஞ்சுகள் கரியநூல் துண்டுகள்போல் மொய்க்கின்றன. ஏரியில் இதுவரை இல்லை. இதுவரை.

ஆகஸ்ட் 29

இன்று குட்டையில் மீன்களைக் கொல்லும் மருந்து ஊற்றினார்கள். வேறு நிறுவனத்து ஆட்கள். அம்மா மீதான விசாரணை முடியாததால், குட்டையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள் வரக்கூடாது. ஏரி ஆராய்ச்சியும் இப்போது அவளிடம் இல்லை. இனி ஐந்து வருடம் ஏரியில் வலை போட்டுப் பார்க்கவேண்டுமாம். பார்ப்பது வேறு யாரோ.

செத்த மீன்களை நான் எண்ணட்டுமா என்று கேட்டேன். கையுறை கொடுத்தார்கள். மருந்துக்கு மின்னோ, ட்ரவுட் என்ற வித்தியாசம் கிடையாது. மதியத்துக்குள் ட்ரவுட் நூற்று எழுபது. மின்னோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

அம்மா கயிற்றுக்கு அப்பால் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். தோர்கிரிம் ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

"குடி மாரித். இதுல மருந்து கலக்கல."

அம்மா வாங்கிக் குடித்தாள். நான் மறுபடி குனிந்தேன். கரையோரம் இன்னும் நிறையக் கிடந்தன.