நெய்தற்குடியில் சொல்லாத சொல்

வேங்கைமலை நாட்டின் வெண்குடைக்கு உரிய இளவேட்டரையர் திருமுன், முன்னாள் அமைச்சர் பொறையன் கிழார் வழிநடையில் விடுக்கும் ஓலை. அரசர் ஆயுள் நீள்க. நாட்டார் நா இனிக்குக.

நாடெங்கும் ஒரு பொருளுக்கு ஒரே சொல்லே வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டு, ஓய்ந்து கிடந்த இந்தக் கிழாரை வட்டாரச் சொற்கள் திரட்ட அனுப்பினீர்கள். கிழாரும் துள்ளிக் கிளம்பினார். சாறு கேட்டால் மேட்டுநாட்டில் குழம்பு ஊற்றினார்கள், வயல்நாட்டில் ரசம் ஊற்றினார்கள். இலையில் ஆறே ஓடியது. ஏடுகளின் சுமையில் யானை முனகியது.

உப்பங்கழிக் கரை ஊரான நெய்தற்குடியில் மட்டும் ஒரு சொல் கிட்டவில்லை. விருந்தினரை வீட்டுக்குள் அழைக்க நாமெல்லாம் சொல்லும் அந்த ஓரெழுத்துச் சொல்லை அங்கே எவரும் உச்சரிப்பதில்லை. வாசலில் நீர் வைத்துவிட்டு முதுகு காட்டி நிற்கிறார்கள்.

காரணம் கேட்டபோது ஊர்த்தலைவி கொற்றி சொன்னாள்: “கழிக்கு அந்தாண்ட ஒண்ணு நிக்குது அய்யா. கூப்பிட்டா வந்துடும். எங்கண்ணன் படகைப் பாத்துக் கூப்பிட்டான். இன்னிக்கும் அவன் பக்கத்துல ஒரு இலை கூடப் போடுறோம். சோறு குறையுது. அவனும் குறையறான்.”

கிழார் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்நேரம் பார்த்துத் தங்கள் ஓலை சேர்ந்தது. அரச ஓலையை எழுந்து நின்று உரக்கப் படிப்பதே முறையல்லவா? கழியைப் பார்த்து நின்று, கடலே திடுக்கிடும் குரலில் படித்தார். அரண்மனை விருந்துக்கு அழைக்கும் அந்தச் சொல் அதில் இருந்தது. கொற்றி ஓடி வந்து ஈரக்கையால் வாயைப் பொத்துவதற்குள், அக்கரை நாணல் காற்றே இல்லாமல் இரண்டாக விலகியது.

இப்போது விருந்துக்குப் புறப்பட்ட கிழாரின் பல்லக்கு தலைநகரை நெருங்குகிறது. “ஏறும்போது இம்மாங் கனம் இல்லியே சாமி!” என்கிறார்கள் சுமப்போர். கிழாருக்குப் பக்கத்து மெத்தை நனைந்து அமுங்கியிருக்கிறது.

கொற்றி சொன்ன மாற்று ஒன்றே: அழைத்தவரே அனுப்ப வேண்டும். குரல் கிழாருடையது, அழைப்பு தங்களுடையது. தாங்கள் கோட்டை வாயிலில் நின்று, பல்லக்கை நோக்கிப் ‘போ’ என்று மட்டும் சொல்க. விடைகொடுக்கையில் அதன் வாலில் சேர்க்கும் மங்கலச் சொல்லை விழுங்கிவிடுக. அந்தப் ‘போ’ கிழாருக்கும் சேரும். இனி அவரும் அவ்வாயிலை மிதிக்க இயலாது. அதற்காகத் தாங்கள் வருந்த வேண்டாம். நெய்தற்குடியில் அவருக்கு இரண்டு இலை போடச் சொல்லியாயிற்று. தனியே உண்டு சலித்த கிழவருக்குத் துணையும் ஆயிற்று.

ஒரே சொல் கட்டளையைப் பறையறைவோர் அவ்வூரை எட்டுமுன் திரும்ப அழைக்க. இவ்வோலையும் அவையில் உரக்கப் படிக்கப்படும் என்பதால், அந்தச் சொல் இதில் எங்கும் எழுதப்படவில்லை.

இலச்சினை, கிழாரின் மோதிரம். அதன் அருகே காயாமல் கிடக்கும் பெருவிரல் தடம் கிழாருடையது அன்று.